அறுப்பின் பண்டிகைக்கு நான் கொடுத்த மீன்தொட்டி

கடைக்குள் காலை வைத்ததுமே பாசி வாசனை. ஈரத் தரை ஜில்லென்றிருக்கும். பத்துப் பதினைந்து கண்ணாடித் தொட்டிகளிலும் ஒரே நேரத்தில் குமிழ் விடுகிற சத்தம்... திருப்பதியில் மஸ்தான் பாய் வைத்திருந்த மீன் கடை அது. எண்பதுகளின் தொடக்கம். சித்தூரில் ஒரு மாம்பழக் கூழ் ஃபேக்டரியில் டைப்பிஸ்டாக எனக்கு வேலை கிடைத்திருந்த புதிது.

வேலை கிடைத்தால் அறுப்பின் பண்டிகைக்கு யாரும் இதுவரை கொண்டு வராத ஒன்றைக் காணிக்கையாகக் கொண்டு வருவேன் என்று பொருத்தனை பண்ணியிருந்தேன். எங்கள் சர்ச் சபையில் அன்றைக்கு ஆளாளுக்குப் பூசணிக்காய், சேவல், வாழைத்தார் என்று கொண்டு வருவார்கள். ஆராதனை முடிந்ததும் எல்லாம் ஏலத்துக்குப் போகும். சரி, நாம் கலர் மீன் தொட்டி கொடுப்போம் என்று கிளம்பிவிட்டேன். அந்த வயசுத் திமிர், வேறென்ன!

"தொட்டி எவ்ளோ பெருசும்மா?" என்றார் பாய்.

இரண்டு கையையும் விரித்துக் காட்டினேன். ஒரே அடி நீளம்.

"இவ்ளோதானா! அப்போ கோல்டு ஃபிஷ் வாணாம். அது வளந்துக்கினே போவும், தண்ணியும் நாறிடும்."

ஏஞ்சல் கேட்டேன். உயரம் பத்தாது என்றார். கோடு போட்ட டைகர் பார்பைக் காட்டினேன். "அது சும்மா இருக்காதும்மா. நீள வாலப் பாத்தா கடிச்சிக்கினே இருக்கும்."

ஒரு ஜாடியில் தனியாக நீல ஃபைட்டர் ஒன்று. அப்படி ஒரு நீலம்! என் கண் அங்கேயே நின்றுவிட்டது.

"வத்தும்மா, வாணாம்! கப்பின்னு சின்ன மீனு இருக்கே, அதோட வாலப் பாத்தா இன்னொரு ஃபைட்டர்னு நெனச்சி அடிக்கப் போவும். ஒரே ஊட்ல ஒத்துமையா இருக்கறதா பாத்து எடு."

பெண் பார்க்க வந்தவர்கள் கூட அவ்வளவு விசாரித்திருக்க மாட்டார்கள்.

கடைசியில் நாலு கப்பி, நாலு ஜீப்ரா, ரெண்டு சிவப்பு பிளாட்டி. கப்பியில் நாலும் ஆண். "பொட்டைய சேத்தா மாசத்துக்கு ஒருதபா குட்டி போடும், நீ தொட்டிக்கு எங்க போவ?" என்றார். பஸ்ஸில் சித்தூர் வரும்வரை பாலித்தீன் பையை மடியில் அணைத்தபடி உட்கார்ந்திருந்தேன். புடவை நனைந்ததே தெரியவில்லை.

அம்மாவுக்குப் பிடிக்கவே இல்லை. "மீனுன்னா சட்டியில இருக்கணும். கூடத்துல அதுக்கு இன்னாடி வேல?" என்று பண்டிகைக்கு இருந்த மூன்று வாரமும் முணுமுணுப்பு. நான் பாய் சொன்னதையெல்லாம் ராத்திரி சோறு தின்னும்போது ஒப்பித்துக்கொண்டே இருப்பேன். எது எதோடு சேரும், எது எதைக் கடிக்கும்... அம்மா திரும்பிக்கூடப் பார்க்காது.

அந்த மூன்று வாரத்தில்தான் வினை. ஆபீஸ் விட்டு வந்ததும் மஞ்சள் வால் கப்பி ஒன்று கண்ணாடியோரம் வந்து ஆடும். அதைப் பார்க்காமல் காபி இறங்காது. பண்டிகைக்கு முதல் நாள், "வேற ஏதாவது குடுத்துடட்டுமா நைனா?" என்று அப்பாவிடம் அழுதேன்.

"பொருத்தன பண்ணிட்டுப் பின்வாங்குவியா? போ, மூஞ்சியக் கழுவு" என்றார் நைனா. சபையில் ஏலம் கூவுகிறவரே அவர்தான், என்ன செய்ய?

மறுநாள் மேஜை மேல் என் தொட்டி. சுற்றிலும் பிள்ளைகள் கூட்டம். ஏலம் விறுவிறுவென ஏறியது. மாந்தோப்பு வைத்திருந்த ஞானமுத்து அங்கிள் விடுவதாக இல்லை. தங்கமான மனுஷன். சந்தோஷமாகச் சொன்னார்:

"தோட்டத்துத் தொட்டியில வெரால் ரெண்டு வுட்ருக்கேன். பாவம், தனியா கெடக்குதுங்க. இதுங்களும் தொணைக்கு இருக்கட்டுமே!"

விராலுக்குத் துணையா! நானே ஏலம் கேட்கலாமென்றால் சம்பளக் கவரை அப்படியே அம்மாவிடம் கொடுத்தாயிற்று. பர்ஸில் பஸ் காசுதான்.

"ஒரு தரம்..." நைனா என் பக்கம் பார்க்காமலே கூவினார். "ரெண்டு தரம்..."

"அஞ்சு ரூபா கூட!"

பெண்கள் பக்கத்திலிருந்து ஒரு குரல். நைனா மைக்கைப் பிடித்தபடி, "யாரும்மா அது?" என்றார்.

"நான்தான். உங்க ஊட்டு ஆளுதான்."

அம்மா! பாட்டுப் பாடும்போதுகூட உதடு மட்டும் அசைக்கிற அம்மா, சபைக்கு நடுவில் எழுந்து நின்று கையைத் தூக்கியிருந்தது. சபையே சிரித்தது. அங்கிள் மறுபடி வாயைத் திறப்பதற்குள், "அண்ணே, வுட்டுடுங்க. ஒண்ணையொண்ணு கடிக்காததா பாத்துப் பாத்து வாங்கினு வந்துருக்கா. உங்க வெராலுக்கு அது ஒரு வாய்க்குப் பத்தாது. அப்புறம் எம்பொண்ணு சோறு துன்ன மாட்டா" என்றது அம்மா.

"ஐயோ, அப்ப எனக்கு வாணாம் தாயீ!"

நைனா மூச்சே விடாமல் மூன்று தரத்தையும் கூவி முடித்தார். இப்படியும் ஒரு ஏலம் உண்டா! நான் அழுதேனா சிரித்தேனா என்று தெரியவில்லை. அம்மா மட்டும் வீடு வரை, "கையெல்லாம் மீன் நாத்தம்" என்று திட்டிக்கொண்டே தொட்டியைத் தானே சுமந்து வந்தது. என்னைத் தொடக்கூட விடவில்லை.

இப்போது என் வீட்டில் இரண்டடித் தொட்டி, லைட்டு, ஃபில்டர் எல்லாம் உண்டு. எந்த மீன் எதோடு சேரும் என்று போனே சொல்லிவிடுகிறது. மீன் வாசலுக்கே வருகிறது. நல்ல வசதிதான், குறை சொல்ல மாட்டேன். ஆசைப்பட்ட மீனை யாரையும் கேட்காமல் வாங்கிக்கொள்கிறேன்.

ஆனால் நான் வாய் திறந்து கேட்காமல் நிற்கும்போது, எனக்காக எழுந்து நின்று கேட்க அம்மா இல்லை.