ஊர்சுற்றி வீட்டில் கிடந்த வாரம்

எனக்கு முதலில் பேசிய சம்பந்தம் ஒரே சொல்லில் முறிந்தது. பெண் வீட்டார் வழக்கம்போல எங்கள் ஊர் டீக்கடையில் என்னைப் பற்றி விசாரித்திருக்கிறார்கள். "அவனா, ஊர்சுத்தி" என்று யாரோ சொல்லிவிட்டார்கள். பொய்யில்லை. குடிநீர் மெஷின்களுக்கு ஃபில்டர் மாற்றுவது என் வேலை. கரியமாணிக்கம், தவளக்குப்பம், பனித்திட்டு என்று பைக்கில் அலைவேன். எங்கள் யூனியன் பிரதேசம் துண்டு துண்டாகக் கிடப்பதால் நடுநடுவே தமிழ்நாடு வரும், போகும்.

அடுத்த சம்பந்தம் வந்தபோது அம்மா சொல்லிவிட்டார்: "அவங்க விசாரிச்சிட்டுப் போற வரைக்கும் வூட்லயே கெட."

லீவு போட்டுக் கிடந்தேன். தெருவில் வண்டிச் சத்தம் கேட்டாலே அவர்கள்தானோ என்று ஜன்னல் வழியாக எட்டிப் பார்த்தேன். என் குடியைக் கெடுத்த சொல் எங்கிருந்து வந்தது என்றாவது பார்ப்போமென்று போனில் அகராதியைத் திறந்தேன். சுற்று என்றால் வளைந்து வருவது, வலம் வருவது. சொந்தபந்தத்தைக் குறிக்கும் சுற்றமும் அதிலிருந்து பிறந்ததுதானாம். நம்மைச் சுற்றி இருப்பவர்கள். அம்மாவிடம் பெருமையாகச் சொன்னேன்.

"இத டீக்கடைல போய் சொல்றதுதானே," என்றவர், உடனே பதறி, "வேணாம், வெளிய போவாத."

வாரக் கடைசியில் பெண்ணின் அப்பாவே வந்துவிட்டார், ஒரு பை சாத்துக்குடியோடு. அம்மா நீட்டிய டீயைத் தொடவில்லை. முடிவாகும் முன் கை நனைப்பது எங்கள் பக்கம் வழக்கமில்லைதான். ஆனால் அவர் என்னைப் பார்த்த பார்வை ஆஸ்பத்திரியில் பார்க்கிற பார்வை.

"ஒடம்புக்கு இன்னா தம்பி?"

"ஒண்ணுமில்லீங்களே."

"ஊரெல்லாம் சுத்துற புள்ள, ஒரு வாரமா வெளியவே வரல, இன்னா நோவோன்னு டீக்கடைல பேசிக்கிறாங்க. மறைக்காம சொல்லுங்க."

அடக்கமான பையன் வேஷம் போட்டேன் என்று எப்படிச் சொல்வது? "இப்பவே ஒரு ரவுண்டு போய்ட்டு வர்றேன், பாருங்க," என்று பைக்கிடம் ஓடினேன். சும்மா கிடந்ததில் பேட்டரி செத்திருந்தது. உதைத்தேன், உதைத்தேன். மூச்சு வாங்கியது எனக்குத்தான். ஒவ்வொரு உதைக்கும் அவர் மனதில் ஒரு வியாதி கூடியிருக்கும். இந்தச் சம்பந்தமும் போயிற்று என்று நினைத்தேன்.

"எறங்காத தம்பி. செகண்ட் கியர்ல போடு." வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு, பின்னால் வந்து தள்ள ஆரம்பித்தார்.

தெருமுனையில் வண்டிக்கு உயிர் வந்தது. ஏரிக்கரை வரை போய்த் திரும்பினேன். அணைத்தால் மறுபடி கிளம்பாதே என்ற பயத்தில் வாசலில் வண்டியை உறுமவிட்டபடியே உட்கார்ந்திருந்தேன். அவர் துண்டால் கழுத்தைத் துடைத்துக்கொண்டு அம்மா பக்கம் திரும்பினார்.

"அந்த டீ ஆறிப்போயிருக்கும். சூடா வேற ஒண்ணு குடுங்கம்மா."