ஆர்த்தர் வெட்டியும் விழாதவன்

என் வீட்டுக்காரன் பெயர் இத்வல். அவன் இவன் என்றுதான் சொல்வேன். வேல்ஸில் எங்கள் மலைப்பக்கம் புருஷனுக்கென்று தனி மரியாதை எதுவும் ஒதுக்கி வைக்கவில்லை. பிறக்கும்போதே தலைக்கு முன்னால் கால் வந்த ஆள் அவன். குவாரி மேனேஜரின் கார் தெருவில் வந்தால் ஆண்கள் எல்லோரும் தொப்பியைத் தொட்டு வணக்கம் சொல்வார்கள். இவன் மட்டும் அந்த நேரம் பார்த்து இரண்டு கையிலும் உருளைக்கிழங்கு மூட்டையைத் தூக்கிக்கொண்டு நிற்பான். தற்செயலாம்! பதினெட்டு வருஷம் அந்தத் தற்செயலைப் பார்த்தவள் நான்.

சிலேட்டு குவாரியில் பாறை முகப்பில் வேலை. மேலேயிருந்து தொங்குகிற சங்கிலியைத் தொடையில் ஒரு சுற்றுச் சுற்றிக்கொண்டு, அந்த உயரத்தில் நின்று கல் பெயர்க்க வேண்டும். அவன் அப்பாவும் அதே வேலைதான் செய்தார், ஒரு மழைநாளில் கீழே போய்விட்டார். 'விழுந்தார்' என்று சொல்லக் கூடாது. பாறையில் ஏறுகிறவர்கள் வீட்டில் அந்த வார்த்தையையே எடுக்க மாட்டோம். குழந்தை தடுக்கிக் கவிழ்ந்தால்கூட 'உட்கார்ந்துட்டான்' என்போம். இருபத்திரண்டு வருஷத்தில் இத்வலுக்கு ஒரு தடவைகூடக் கால் வழுக்கியதில்லை. அவனிடம் இருந்த ஒரே பெருமை அதுதான்.

அறுபத்தொன்பதில் குவாரியை மூடினார்கள். மறு கோடையில் சினிமாக்காரர்கள் வந்தார்கள்.

டைரக்டர் பெயர் பெர்க்கின்ஸ், லண்டன்காரர். கையில் காசு இல்லை, வாயில் மட்டும் எல்லாம் இருந்தது. ஆர்த்தர் ராஜா படமாக எடுத்துத் தள்ளினார். எங்கள் மலை சும்மா கிடைத்தது, இடிந்த கோட்டை சும்மா கிடைத்தது, மழை கேட்காமலே கிடைத்தது. குதிரை இரண்டே இரண்டு. நெற்றியில் சுண்ணாம்பு அடித்தால் நான்கு. கோட்டைக் கதவு ஒட்டுப்பலகை. மின்சாரக் கம்பத்தை மறைக்க ஒரு கொடி. வீரர்களின் இரும்புச் சட்டை? அது என் கைவேலை. பார்சல் கட்டுகிற சணலில் நாற்பது சட்டை பின்னி, வெள்ளிப் பெயின்ட் அடித்துக் கொடுத்தேன். தூரத்திலிருந்து பார்த்தால் அசல் இரும்பு. மழை பட்டால் முழங்கால்வரை நீண்டுவிடும். அதற்கு நான் என்ன செய்வது?

ஊர் ஆண்களுக்கு வேலை, சாவதுதான். கசாப்புக்கடை தில்வின் ஒரே காலையில் ஐந்து தடவை செத்தார், ஒவ்வொரு சாவுக்கும் வேறு தொப்பி. இத்வல் மட்டும் கறாராகச் சொல்லிவிட்டான்: "ஏற்கெனவே செத்துக் கிடக்கிற பொணம்னா நான் வரேன். நின்னுட்டு இருந்து சாயற வேலை நம்மகிட்ட ஆகாது." இரண்டு கோடை அப்படியே புல்லில் படுத்துக் கிடந்தான். சில நாள் குறட்டையும் விட்டான்.

நாங்கள் யார் பக்கம் என்று ஒருவரும் கேட்டதில்லை. எதற்குக் கேட்க வேண்டும்? எங்கள் மலைக்கு அடியில் ஒரு குகையில் ஆர்த்தர் தன் படையோடு தூங்குகிறார், ஒருநாள் எழுந்து வருவார் என்பது தொட்டில் குழந்தைக்கும் தெரியும். எங்கள் ராஜா. அவருடைய ஆட்கள் நாங்கள் இல்லாமல் வேறு யார்?

மூன்றாம் கோடையில், கடைசிக்கு முந்தின நாள் மத்தியானம். கூடாரத்தில் ஆட்டெலும்பு சூப் ஊற்றிக்கொண்டிருந்தேன். பெர்க்கின்ஸ் வந்து இத்வலின் தோளில் தட்டினார்.

"நாளைக்கு உனக்குப் பெரிய வேஷம்ப்பா. இந்த மீசைக்குத்தான் குடுக்கறேன். எதிரித் தலைவன். ஆர்த்தர் ரெண்டு வெட்டு வெட்டுவார், நீ சேத்துல விழற. படம் முடிஞ்சுது."

"எதிரின்னா யாரு?"

"சாக்சன்தான். மூணு படமா நீங்க எல்லாருமே சாக்சன்தானே?"

கூடாரத்தில் நாற்பது கரண்டியும் அந்தரத்தில் நின்றன. சாக்சன் என்றால் கடல்தாண்டி வந்து எங்கள் நிலத்தைப் பிடுங்கியவன். இங்கிலாந்துக்காரனுக்கு முப்பாட்டன். இன்றைக்கும் எங்கள் பேச்சில் இங்கிலாந்துக்காரனுக்கு அதுதான் பெயர். அவனை விரட்டியதால்தான் ஆர்த்தர் ஆர்த்தர். அந்த ஆர்த்தராக யார் நடித்தது? ஜூலியன் என்ற லண்டன் பையன், தலைக்கு மஞ்சள் சாயம் பூசினவன். அவன் கையால் எங்கள் மலையிலேயே எங்களை வெட்டித் தள்ளியிருக்கிறார்கள், மூன்று வருஷமாக! நாங்களும் சூப்புக்கு நன்றி சொல்லிவிட்டுச் செத்திருக்கிறோம்.

இத்வல் கிண்ணத்தைக் கீழே வைத்தான். "ஐயா, ஒண்ணு செய்யுங்க. உங்க லண்டன் பசங்க பத்துப் பேர் இருக்காங்கல்ல, அவங்க தலையில அந்த ஹெல்மெட்டை மாட்டுங்க. நாங்க ஆர்த்தர் பக்கம் நிக்கறோம். வேணும்னா ஆர்த்தர் பக்கத்துலயே சாவறோம்."

பெர்க்கின்ஸ் சிரித்தார். "யாருக்குய்யா வித்தியாசம் தெரியப்போகுது? ஹெல்மெட் போட்டா எல்லா மூஞ்சியும் ஒண்ணுதான். உனக்கு இஷ்டமில்லேன்னா சொல்லு, அடுத்த வருஷம் ஸ்காட்லாந்து போயிடறேன். அங்கயும் மலை இருக்கு, மழை இருக்கு."

வீட்டுக்கு வந்ததும் நான் பிடித்துக்கொண்டேன். "ஊரே இதை நம்பி இருக்கு, இத்வல். குவாரி போச்சு. இதையும் நீ வாயைக் கொடுத்துத் தொலைச்சிடாதே."

"நான் என்ன கேட்டேன்? என் சொந்த ராஜா கையால எதிரியா சாக மாட்டேன்னேன்."

"ராஜாவா! அந்தப் பையனுக்கு வாளை எந்தப் பக்கம் பிடிக்கணும்னே தெரியலை. சினிமாடா இது. போய் ஒரு தடவை சேத்துல உட்கார்ந்துட்டு வாயேன். உன் கிரீடம் இறங்கிடுமா?"

"நீயுமா மென்னா?" என்றான். காலையில் சொன்ன நேரத்துக்குக் கிளம்பிப் போனான். சணல் சட்டையின் இடுப்புக் கயிற்றை நான்தான் கட்டிவிட்டேன். மனுஷனுக்குப் புத்தி வந்துவிட்டது என்று நினைத்தேன்.

மழை தூறியது. பெர்க்கின்ஸிடம் ஒரே ஒரு படச்சுருள்தான் மிச்சம். ஒரே தடவை, தப்பக் கூடாது என்று தொண்டை கிழியக் கத்தினார். புல்லெல்லாம் எங்கள் ஆட்கள் பிணமாகக் கிடந்தார்கள். நடுவில் இத்வல், தலையில் கொம்பு வைத்த ஹெல்மெட். கேமரா ஓடியது. ஜூலியன் ஓடிவந்து ஒரு வெட்டு வெட்டினான். இத்வல் நின்றான். இன்னொரு வெட்டு. அலுமினிய வாள் நடுவில் வளைந்துவிட்டது. இத்வல் ஹெல்மெட்டை மெதுவாகக் கழற்றி அக்குளில் வைத்துக்கொண்டு, அந்தப் பையன் முகத்தையே பார்த்தபடி நின்றான்.

"விழுய்யா!" என்று பெர்க்கின்ஸ் கத்தினார்.

"மாட்டேன்."

"அவனைத் தள்ளு, ஜூலியன்!"

"நீங்க வந்து தள்ளிப் பாருங்க சார்," என்றான் ஜூலியன். அவனுக்கு முகம் வெளுத்துவிட்டது.

முதலில் எழுந்து உட்கார்ந்த பிணம் தில்வின். அப்புறம் ஒவ்வொன்றாக மீதிப் பிணங்களும் எழுந்து உட்கார்ந்தன. ஆர்த்தர் ராஜா இரண்டு எட்டுப் பின்னால் வைத்து, வளைந்த வாளோடு திரும்பி நடந்தார். அதுவரைக்கும் ஓடிவிட்டுச் சுருள் தீர்ந்துபோனது.

சாயங்காலமே லாரிகள் கிளம்பின. பெர்க்கின்ஸ் அதற்குப்பிறகு எங்கள் பக்கம் வரவே இல்லை. ஊரில் பாதிப் பேர் இத்வலின் முதுகில் தட்டினார்கள், மீதிப் பேர் முகம் திருப்பிக்கொண்டார்கள். நான் மூன்று வாரம் அவன் தட்டைச் சத்தம் வருகிற மாதிரி மேசையில் வைத்தேன். ஆனால் பொய் சொல்வானேன், அவன் நின்ற நிற்பு என் கண்ணைவிட்டுப் போகவில்லை.

பிப்ரவரியில் அந்தப் படம் எங்கள் ஊர் மண்டபத்துக்கு வந்தது. வெள்ளிக்கிழமை சாயங்காலம் ஒரு காட்சி, சனிக்கிழமை மத்தியானம் ஒரு காட்சி. வெள்ளிக்கிழமை நிற்க இடமில்லை. மின்சாரக் கம்பம் தெரிந்தபோது கைதட்டினோம். அடையாளத்துக்கு முதுகில் சிவப்பு மை அடித்த எவன்ஸ் வீட்டு ஆடு ஆர்த்தர் காலத்து ஆறாம் நூற்றாண்டில் மேய்ந்தபோது இன்னும் பலமாகத் தட்டினோம். கடைசியில் அந்த இடம் வந்தது. பெர்க்கின்ஸுக்குத் திரும்ப எடுக்க வக்கில்லை, இருந்ததை வைத்துத்தானே ஒட்டியாக வேண்டும்? ஆர்த்தர் வெட்டினார். இத்வல் நின்றான். மறுபடி வெட்டினார். நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான். மண்டபம் அதிர்ந்தது. என் பக்கத்தில் உட்கார்ந்திருந்த இத்வலின் காது சிவந்துபோனது.

அடுத்த நொடி திரையில் ஒரு முதுகு. கழற்றின கொம்பு ஹெல்மெட் மறுபடி தலையில், அதே சணல் சட்டை. தொப்பென்று சேற்றில் குப்புற விழுந்தது. ஆர்த்தர் திரும்பி நடந்தார்.

 பின்வரிசையிலிருந்து தில்வினின் குரல் வந்தது. "ஐயையோ! அது என் பின்புறம்டா! நீ நின்னதுக்கு முந்தின செவ்வாய்க்கிழமை அந்தத் தொப்பியை என் தலையிலதான் மாட்டினாங்க. இத்வல், சத்தியமா எனக்குத் தெரியாதுடா! தெரிஞ்சிருந்தா நான் விழுந்திருப்பேனா?"

இத்வல் எழுந்து வெளியே போய்விட்டான். மேட்டுத் தெருவில் ஓடிப்போய்ச் சேர்ந்துகொண்டேன்.  வீட்டு வாசலில்தான் கேட்டான்.

"நான் நின்னேன்ல, மென்னா? நீ பாத்தியே."

"பாத்தேன்."

"ஊருக்குத் தெரியும். ஆனா படம்தானே நிக்கும். நாளைக்குப் பிறக்கிற பிள்ளை அதைத்தானே பாக்கும்?"

 பாறையில் கால் வழுக்காத மனுஷனை, இன்னொருத்தன் பின்புறத்தை ஒட்டி விழவைத்துவிட்டார்களே! போய்ச் சேற்றில் உட்கார் என்று சொன்னவளும் நான்தானே. அந்த வெட்கம் வேறு.

சனிக்கிழமை பதினோரு மணிக்கு சணல் வெட்டுகிற கத்தரிக்கோலை எடுத்துக்கொண்டு மண்டபத்துக்குப் போனேன். படம் ஓட்டுகிறவன் ஹெவின். ஞாயிற்றுக்கிழமைகளில் கோயிலில் ஆர்கன் வாசிக்கிறவனும் அவன்தான், பயந்த சுபாவம்.

"அந்த விழற துண்டு எங்கே இருக்கு, காட்டு."

"மென்னா, இது வாடகைப் படம். திருப்பி அனுப்பணும். கேஸ் போடுவாங்க!"

"போடட்டும். என் பேர்ல போடட்டும். நீ கண்ணை மூடிட்டுப் பாட்டு ஏதாவது முணுமுணு."

"பாவம் இல்லையா இது?"

"பொய் காட்டறது பாவமா, பொய்யை வெட்டறது பாவமா? சொல்லுடா!"

ஹெவின் பெருமூச்சு விட்டான். சுருளை வெளிச்சத்துக்கு நேரே பிடித்து, விரலால் இரண்டு இடத்தைத் தொட்டுக் காட்டினான். வெட்டினேன். மூன்று முழம் இருந்தது. இரண்டு முனையையும் ஒட்டும்போது அவன் கை நடுங்கவே இல்லை. அதைக் கவனித்தேன்.

மத்தியானக் காட்சிக்கு வரமாட்டேன் என்று இத்வல் கட்டிலைப் பிடித்துக்கொண்டான். "நீ வந்தாத்தான் ராத்திரி சோறு" என்று இழுத்துக்கொண்டு போனேன். விஷயம் எப்படியோ கசிந்து, கோடையில் முகம் திருப்பியவர்களும் வந்திருந்தார்கள். ஆர்த்தர் வெட்டினார், நின்றான். மறுபடி வெட்டினார், நின்றான். ஹெல்மெட்டைக் கழற்றினான். எங்கள் இத்வலின் முகம் திரை முழுக்க. ஆர்த்தர் இரண்டு எட்டுப் பின்னால் வைத்தார், வளைந்த வாளோடு திரும்பி நடந்தார். படம் முடிந்தது. தொப்பிகள் கூரைவரைக்கும் பறந்தன. நேற்றைக்கு வாயைத் திறந்ததற்குப் பரிகாரமாகத் தில்வின் நாற்காலிமேல் ஏறிக் கத்தினார்.

இத்வல் வெகுநேரம் வெள்ளைத் திரையையே பார்த்துக்கொண்டிருந்தான். அப்புறம் என் பையில் துருத்திக்கொண்டிருந்த கத்தரிக்கோலைப் பார்த்தான்.  என் கையை எடுத்துத் தன் முழங்காலில் வைத்துக்கொண்டான். இத்தனை வருஷத்தில் நாலுபேர் பார்க்க அவன் அப்படிச் செய்தது அதுவே முதல் தடவை.

இரண்டு வாரத்தில் படத்தை வாடகைக்கு விட்ட கம்பெனியிலிருந்து கடிதம் வந்தது. படச்சுருளில் மூன்று முழம் குறைகிறது, உடனே திருப்பி அனுப்பவும் என்று. நான் பதில் எழுதினேன். அந்த மூன்று முழத்தில் இருப்பது கசாப்புக்கடை தில்வினின் பின்புறம், அதைக் கேட்டு வாங்க உங்களுக்கு என்ன உரிமை என்று. அதோடு அவர்கள் வாயை மூடிக்கொண்டார்கள்.

மற்ற ஊர்ப் படச்சுருள்களில் இத்வல் இன்னும் விழுந்துகொண்டிருக்கலாம். எனக்குத் தெரியாது, நான் அங்கெல்லாம் போனதில்லை. எங்கள் ஊர்த் துண்டு என் ஊசி டப்பாவில் இருக்கிறது. அவனை இங்கே விழவைக்க வேண்டுமென்றால் யாராவது முதலில் என்னிடம் வந்து அதைக் கேட்கட்டும்.