ஆறு புள்ளி மூன்று வோல்ட்

இன்று காலை ஒரு பழைய சர்க்கியூட்டுக்குப் பாகப் பட்டியல் போட்டுக்கொண்டிருந்தேன். திரையில் 'டாண்டலம், 6.3 வோல்ட்' என்ற வரி வந்ததும் கை தானாகப் புருவத்துக்குப் போய்விட்டது. சிரிக்காதீர்கள். வீட்டில் டிவி போடும்போதுகூட முகத்தைத் திருப்பிக்கொள்கிற ஆள் நான்.

பல வருஷங்களுக்கு முன், செனாய் ஊரில் சர்க்கியூட் போர்டு செய்யும் ஒரு ஃபேக்டரியில் எனக்கு முதல் வேலை. சிப்புக்குப் பக்கத்தில் வைக்கும் கபாசிட்டரைத் தேர்ந்தெடுப்பது என் பொறுப்பு. சிப் திடீரென்று கரண்டை உறிஞ்சும்போது வோல்டேஜ் இறங்காமல் தாங்கும் குட்டித் தொட்டி அது. ஐந்து வோல்ட் லைனுக்குப் பத்து வோல்ட்டுக்குக் குறையாத டாண்டலம் கபாசிட்டர் போடவேண்டும் என்று படித்திருந்தேன். ஸ்டோரில் பத்து இல்லை, ஆறு புள்ளி மூன்று நிறைய இருந்தது. ஐந்தைவிட ஆறு பெரிதுதானே! கணக்கில் நான் புலி, கையெழுத்துப் போட்டுவிட்டேன். வேலை நிரந்தரமாகாத நேரம். பத்து வரும்வரை சரக்கை நிறுத்துங்கள் என்று சொல்லப் பயம்.

அதைவிடப் பெரிய பயம் பிறகுதான் பிடித்தது. அந்த மஞ்சள் டாண்டலம் தாங்காவிட்டால் சும்மா சாகாது, மத்தாப்பு மாதிரி எரியும். போர்டுகளுக்கு முதலில் கரண்ட் கொடுத்துச் சோதிப்பவர் சரோ அக்கா. கூலாயிலிருந்து ஃபேக்டரி பஸ்ஸில் வருவார், தலையில் தேங்காய் எண்ணெய் மணக்கும். விளக்கு எரிகிறதா என்று போர்டின் மேல் மூக்கை வைத்துப் பார்ப்பார். ஒவ்வொரு சுவிட்ச் சத்தத்துக்கும் நான் அவர் பக்கம் திரும்பிப் பார்ப்பேன்.

"கொஞ்சம் தள்ளி உக்காருங்கக்கா" என்றேன்.

"தள்ளி உக்காந்தா கண்ணு தெரியாது லா, தம்பி."

காரணத்தை நான் சொல்லவில்லை.

மூன்றாம் நாள் பட்டென்று ஒரு சத்தம். ஓடினேன். அக்காவின் கண் தப்பியிருந்தது. இடது புருவம் பொசுங்கி, எண்ணெய் வாசத்தோடு கருகல் நாற்றம். அக்கா புருவத்தைப் பொத்திக்கொண்டே என்னைப் பார்த்தார்.

"மன்னிச்சிரு தம்பி, வயரை மாத்திக் குத்திட்டேன் போல."

ப்ளஸ், மைனஸ் வயரை மாற்றிக் குத்தினாலும் டாண்டலம் அப்படித்தான் எரியும். சூப்பர்வைசரும் நம்பிவிட்டார். நான் தலையாட்டினேன், பாவி. அக்காவுக்கு எச்சரிக்கைக் கடிதம் கொடுத்தார்கள். நான் சத்தமில்லாமல் பதினாறு வோல்ட் வரவழைத்து எல்லாப் போர்டிலும் மாற்றினேன். வயரைத் தொட்டாலே கை உதறுகிறது என்று சொல்லி, அந்த மாதமே அவர் வேலையை விட்டுவிட்டார்.

அந்த ஃபேக்டரி இப்போது சோபாக் கிடங்கு. கூலாய் பஸ்ஸும் இல்லை. டாண்டலமும் அருகிப்போய், நான் போடுவதெல்லாம் செராமிக். கோயிலில் தேங்காய் எண்ணெய் வாசம் வந்தால் அக்காவாக இருக்குமோ என்று இன்றும் பயப்படுகிறேன். திரும்பிப் பார்த்தால் வேறு யாரோ. இனி அவரைப் பார்க்கவே முடியாதோ என்று அப்போது வரும் பயம் இன்னும் மோசம். கூலாயில் விசாரித்தேன், யாருக்கும் தெரியவில்லை. நீங்க வயரைச் சரியாத்தான் குத்துனீங்கக்கா என்று அவரிடம் நான் இன்னும் சொல்லவில்லை.