பதினோராம் இலக்கப் படம்

என் அண்ணைக்குப் படம் எடுக்கத் தெரியாது. அவர் உயிரோடு இருந்தவரை இதை நான் யாரிடமும் சொன்னதில்லை. இப்போது சொன்னால் கோபிப்பதற்கு அவரும் இல்லை, அவருடைய சிநேகிதர்களில் பாதிப் பேரும் இல்லை.

எழுபதுகளின் தொடக்கத்தில் வெளிநாட்டுச் சாமான் எதுவும் லேசில் கிடைக்காது. கமராவுக்குப் போடும் பிலிம் சுருள் குதிரைக்கொம்பு. அண்ணை காங்கேசன்துறையில் சீமெந்துத் தொழிற்சாலையில் கிளாக்கராக இருந்தார். அவரும் அவரைப் போலவே படப் பைத்தியம் பிடித்த இன்னும் ஐந்து பேரும் சேர்ந்து ஒரு ஏற்பாடு செய்துகொண்டார்கள். ஆறு பேருக்கும் ஒரு பெட்டிக் கமரா, மாதத்துக்கு ஒரு சுருள். சுருளில் பன்னிரண்டு படம் விழும், ஆளுக்கு இரண்டு. கமராவை ஒரு பிஸ்கற் தகரத்தில் வைத்து, ஒருவரிடம் நாலு நாள் என்று வீடு வீடாக அனுப்புவார்கள். எங்கள் வீடு கடைசி. எங்களுக்கு எப்போதும் பதினொன்றும் பன்னிரண்டும்.

தகர மூடியின் உட்புறத்தில் சட்டங்களை எழுதி ஒட்டியிருந்தார்கள். வீட்டுக்குள் எடுத்த படம் செல்லாது. படத்தை எடுத்தவர் உடனே திருகைச் சுற்றி, கமராவின் பின்பக்கச் சிவப்புக் கண்ணாடியில் அடுத்த இலக்கம் வந்த பிறகுதான் கமராவைக் கீழே வைக்க வேண்டும். சுற்றாமல் விட்டால் ஒரு படத்தின் மேலேயே மற்றப் படமும் விழுந்துவிடும். இந்த இரண்டாவது சட்டத்துக்குக் கீழே சிவப்பு மையால் இரண்டு கோடும் போட்டிருந்தார்கள்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை மானிப்பாயில் ஒரு கடையின் பின்னறையில் கூடுவார்கள். பன்னிரண்டு படத்தையும் பெயர் போடாமல் மேசையில் பரப்பி வைப்பார்கள். ஒவ்வொருவரும் மற்றவர்களின் படம் ஒவ்வொன்றுக்கும் ஒரு துண்டு எழுத வேண்டும். அதில் ஒரு நல்லது, ஒரு குறை. இரண்டும் கட்டாயம். எழுதியவர் பெயர் போடக்கூடாது. பிறகு தேத்தண்ணி, வடை, யாருடைய படம் எது என்று பகிடியோடு அவிழ்ப்பது. அண்ணையின் முதல் மாதப் படத்தில் மாடு இருந்தது, மாட்டின் தலை இல்லை. ஐந்து துண்டிலும் நல்லது என்று எழுத ஒன்றும் அகப்படாமல், ஐந்து பேருமே வால் நன்றாக விழுந்திருக்கிறது என்று எழுதியிருந்தார்கள்.

அடுத்த மாதம் அவருக்கு ஓவர்ரைம் வேலை. தகரம் சும்மா மேசையில் கிடந்தது.

"பிள்ளை, உதிலை ரெண்டைத் தட்டிவிடு. வெறுங்கையோடை போனால் மாடு எண்டு கூப்பிடுவாங்கள்," என்றார்.

நான் தட்டினேன். வேலியில் ஒரு பொட்டு இருந்தது. வேலிக்கு நட்ட கதியால் தடி ஒன்று பட்டுப்போய், பின்னிய தென்னோலைக் கிடுகும் விலகி, முகம் அளவுக்கு ஒரு இடைவெளி. அதற்குள்ளால் கமராவை வைத்து, வெளியே ஒழுங்கைப் பாதையால் பனையோலைக் கட்டைத் தலையில் சுமந்து போன ஒரு மனுசியை எடுத்தேன். அந்தப் படம்தான் அந்த மாதம் நல்ல படம் என்று ஒப்புக்கொண்டார்களாம். அண்ணை தலைகால் தெரியாமல் வீட்டுக்கு வந்தார். எடுத்தது தங்கச்சி என்று சொன்னாரா என்று கேட்டேன். சொல்ல வாய் வரவில்லை என்றார்.

அதன் பிறகு மாதா மாதம் நான்தான். துண்டுகளை அண்ணை ஒரு என்வலப்பில் போட்டுக்கொண்டு வந்து தருவார். ஞாயிறு பின்னேரம் அம்மா கண்ணயரும்போது அவற்றைத் திரும்பத் திரும்ப வாசிப்பேன். எனக்கு வேறு யாரும் கடிதம் எழுதியதில்லை.

அம்மாவைப் பற்றிச் சொல்ல வேண்டும். அவருக்குப் பாரிசவாதம் வந்து வலப்பக்கம் விழுந்துவிட்டது. ஒன்றிரண்டு சொல்லைத் தவிர பேச்சும் போய்விட்டது. அப்போது நான் பண்டத்தரிப்பில் எங்கள் வீட்டுக்குக் கிட்ட ஒரு பள்ளிக்கூடத்தில் படிப்பித்துக்கொண்டிருந்தேன். வேலையை விடச் சொல்லி யாரும் சொல்லவில்லை. ஒரு மாதம் லீவு எடுத்தேன், பிறகு இன்னொரு மாதம், பிறகு பள்ளிக்கூடத்தில் என் இடத்துக்கு வேறு ஒருவரைப் போட்டுவிட்டார்கள். கோயிலுக்குப் போவதும் அப்படியே நின்றது. போதகர்தான் இரண்டு மாதத்துக்கு ஒருமுறை நற்கருணையை வீட்டுக்குக் கொண்டுவருவார். வந்தவர்கள் எல்லாரும் என்னை நல்ல பிள்ளை என்று சொல்லிவிட்டுத் தங்கள் குடையை எடுத்துக்கொண்டு போனார்கள்.

விளக்கு வைக்கும் நேரம் அம்மா தவறாமல் ஒரு சொல் கேட்பார்.

"படலை?"

"சாத்திப்போட்டன், அம்மா," என்பேன். அதைக் கேட்ட பிறகுதான் கண்ணை மூடுவார். கட்டிலில் விழும் முன்பும் அவர் அப்படித்தான், வேலி வாசலின் அந்தக் கதவு திறந்து கிடந்தால் மாடு உள்ளிடும், ஆடு உள்ளிடும் என்ற பயம்.

துண்டு எழுதுகிறவர்களில் ஒருவர் பச்சை மைக்காரர். அவர் யாரென்று எனக்கு இன்றுவரை தெரியாது. மற்றவர்கள் வெளிச்சம், நிழல் என்று எழுதுவார்கள். பச்சை மை வேறு விதம். மூன்றாம் மாதம், 'நல்லது: பொறுமை. குறை: எல்லாப் படமும் ஒரே இடத்தில் நின்று எடுத்தது போல இருக்கிறது' என்று எழுதினார். ஐந்தாம் மாதம், 'குறை: ஓரத்தில் மறுபடியும் கிடுகு தெரிகிறது. இந்த மனுசன் வேலியைத் தாண்டி ஒருநாளும் போவதில்லையா? கடல் மூன்று மைலில் கிடக்கிறதே' என்று.

எனக்குப் பத்தி எரிந்தது. துண்டைக் கசக்கிக் குசினி அடுப்புக்குள் போட்டேன். பிறகு அடுப்பு மூட்டாததை நினைத்து, கரியைத் தட்டித் திரும்ப எடுத்து வைத்தேன். அந்த ஆளைத் திட்டுவதற்கு எனக்கு ஒரு நியாயமும் இல்லை. அவர் சொன்னது சரி. மூன்று மைல்தான். மூன்று வருடமாக நான் கடலைக் காணவில்லை.

அன்றைக்கு அண்ணையிடம் கதைத்தேன்.

"அண்ணை, என்ரை பேரை நீங்கள் ஒருத்தருக்கும் சொல்ல வேண்டாம். ஒரு பின்னேரம் தாங்கோ. நீங்கள் அம்மாவோடை இருங்கோ, நான் கமராவைக் கொண்டு கடலுக்குப் போட்டு வாறன்."

"ஓம், அதுக்கென்ன. வாற மாதம் கட்டாயம்."

வந்த மாதம் சிநேகிதர் ஒருவரின் கலியாணம். அடுத்த மாதம் அவருக்குத் தடிமன் காய்ச்சல். அதற்கடுத்த மாதம் அவர் மறந்தே போனார், நானும் வாய் திறக்கவில்லை, வேண்டுமென்றே அரைத் தலை மாடு ஒன்றையும் ஒரு வெறும் சுவரையும் எடுத்துக் கொடுத்தேன். அந்தச் சனிக்கிழமை முகம் தொங்கிப்போய் வந்தவர், சைக்கிளை நிறுத்த முன்னமே சொன்னார்.

"சரி பிள்ளை. வாற மாதம் கமரா எங்களிட்டை வாற ஞாயிறு நான் வீட்டிலை நிக்கிறன்."

அதிலும் ஒரு சிக்கல். அண்ணை அம்மாவுக்குச் சாப்பாடு தீத்துவார், தண்ணி பருக்குவார், திருப்பிப் படுக்க வைப்பார். மற்ற வேலைகளை ஆம்பிளைப் பிள்ளை செய்ய அம்மா விடமாட்டார், ஒற்றைக் கையாலேயே தள்ளிவிடுவார். ஆகவே நான் எல்லாவற்றையும் முடித்து அம்மாவைத் துடைத்து உடுப்பு மாற்றிவிட்டுப் புறப்பட்டால், திரும்பி வர எனக்கு மூன்று மணித்தியாலம்தான். இரண்டு மணி பஸ்ஸில் போய், நாலரை மணி பஸ்ஸில் திரும்ப வேண்டும். இதை நான் ஒரு கிழமையாகப் பரீட்சைக்குப் படிப்பதுபோல மனப்பாடம் செய்தேன்.

அந்த ஞாயிறு கருநீலச் சேலை உடுத்தேன். வெளியே போக அதுதான் ஒன்று ஒழுங்காக இருந்தது. கமராவை விறாந்தைக் கதிரையில் வைத்துவிட்டுப் போய், பஸ் வருகிறதா என்று படலையைத் திறந்து றோட்டைப் பார்த்தேன். வெயில் நேரே முகத்தில் அடித்தது. எனக்குச் சிரிப்பாக வந்தது, என்னத்துக்கென்று தெரியவில்லை.

"விசரி, கமராவை விட்டிட்டுப் போறாய்," என்று அண்ணை பின்னால் வந்து தகரத்தைக் கையில் தந்தார். "ஆறுதலாய்ப் போட்டு வா. அம்மாவை நான் பாக்கிறன்."

பஸ்ஸில் இடம் கிடைத்தது. கடற்கரையில் இறங்கியதும் முதலில் நான் படம் எடுக்கவில்லை. செருப்பைக் கழற்றிக் கையில் பிடித்துக்கொண்டு சும்மா நின்றேன். இழுத்து விட்டிருந்த வள்ளங்களின் பக்கத்தில் வலை காய்ந்தது. ஒருவரும் என்னைக் கூப்பிடவில்லை. இரண்டு மணித்தியாலம் ஒருவருக்கும் நான் தேவைப்படவில்லை. அந்த நினைப்பு வந்ததும் ஒருமுறை திரும்பி றோட்டைப் பார்த்தேன். அது சந்தோசமா பயமா என்று இப்போதும் பிரித்துச் சொல்லத் தெரியவில்லை.

பிறகு தகரத்தைத் திறந்து சிவப்புக் கண்ணாடியைப் பார்த்தேன். பதினொன்று நின்றது. வேலி இல்லை, கிடுகு இல்லை, ஓரத்தில் ஒன்றுமில்லை. கடலும் ஒரு வள்ளமும் வானமும் மட்டும். மூச்சை அடக்கிக்கொண்டு தட்டினேன். பச்சை மைக்காரனே, இந்தா பிடி என்று மனதுக்குள் சொன்னேன். உடனே பன்னிரண்டுக்குச் சுற்றினேன், சட்டம் தவறவில்லை. பன்னிரண்டை ஆற அமர எடுக்கலாம் என்று அலைக்குக் கிட்டப் போகும்போது றோட்டில் பஸ் ஹோர்ன் கேட்டது. ஓடிக்கொண்டே தட்டினேன்.

வீட்டுக்கு வந்தபோது அம்மா நனைந்துபோய்க் கிடந்தார், கண்ணால் என்னைத் தேடிக்கொண்டிருந்தார். அண்ணை என்ன செய்வதென்று தெரியாமல் விறாந்தையில் முழுசிக்கொண்டு நின்றார். நான் சுடுதண்ணி வைத்தேன். காலில் மண் ஒட்டியிருந்தது. அதை அடுத்த நாள்தான் கழுவினேன்.

மாதக் கடைசிச் சனிக்கிழமை அண்ணை மானிப்பாயிலிருந்து பறந்துகொண்டு வந்தார். படலையிலேயே சத்தம்.

"பிள்ளை, பிள்ளை! இப்பிடி ஒரு படம் ஒருத்தரும் காணேல்லையாம். எப்பிடிச் செய்தது எண்டு கேட்டுக் கொல்லுறாங்கள்."

என்வலப்பைத் திறந்தேன். பன்னிரண்டாம் படம் வெறும் கலங்கல். அதைத் தள்ளிவிட்டுப் பதினொன்றைப் பார்த்தேன்.

கடல் இருந்தது, வள்ளமும் இருந்தது. அவற்றின் மேல் எங்கள் வேலி இருந்தது. இடமிருந்து வலம் வரை, கதியால் கதியாலாக. நடுவில் எங்கள் படலை திறந்து கிடந்தது. படலையில் கையை வைத்தபடி, முதுகைக் காட்டிக்கொண்டு ஒரு பெண் நின்றாள். கிடுகின் கருமைக்குள்ளும் அவளுடைய கருஞ்சேலைக்குள்ளும் அலை தெரிந்தது.

"நீ றோட்டைப் பாத்துக்கொண்டு நிண்டாயெல்லே," என்றார் அண்ணை. "அவ்வளவு சந்தோசமாய் உன்னை நான் ஒருநாளும் கண்டதில்லை. ஒண்டை எடுப்பம் எண்டு கதிரையிலை கிடந்த கமராவை எடுத்துத் தட்டினனான். பிறகு... திருகைச் சுத்த மறந்துபோனன்."

சிவப்புக் கோடு இரண்டு போட்ட சட்டம். அவர் வாழ்க்கையில் ஒழுங்காக எடுத்த ஒரே படம் அது. தலை வெட்டுப்படவில்லை. அன்போடு எடுத்திருந்தார், அதனால் எனக்கு அவரோடு சண்டை பிடிக்கவும் வழியில்லை. குசினிக்குள் போய்க் கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன். நாலு மாதம் காத்திருந்து, மூன்று மைல் போய், வேலியே இல்லாத இடத்தில் நின்று நான் எடுத்த படம். வேலி முதலே அங்கே போய்ச் சேர்ந்திருந்தது.

ஐந்து துண்டும் புகழ்ச்சி. பச்சை மையைக் கடைசியாகத்தான் வாசித்தேன். 'நல்லது: கடைசியில் வெளியே வந்துவிட்டீர்கள். வேலியையும் கூடவே கொண்டுவந்தது பெரிய கெட்டித்தனம். குறை: ஒன்றுமில்லை.' குறை எழுதாமல் விடக்கூடாது என்பது அவர்களுடைய சட்டம். அந்த ஒருமுறைதான் அவர் அதை மீறினார்.

முகத்தைக் கழுவிக்கொண்டு அம்மாவிடம் போனேன். விளக்கு வைத்தாகிவிட்டது. அம்மாவின் மேல் எனக்கு அன்றைக்குக் கோபம் இருந்தது. எழுத வெட்கமாக இருக்கிறது, ஆனால் இருந்தது. அவர் அதன் பிறகும் ஏழு வருடம் இருந்தார், எனக்கு அப்படி ஒரு பின்னேரம் திரும்பக் கிடைக்கவில்லை. அதெல்லாம் அப்போது தெரியாது. யாராவது ஒருவர் அந்தக் கடலை நான் கண்ட கடலாகப் பார்க்க வேண்டும் என்று மட்டும் இருந்தது. படத்தை அவருடைய இடக் கையில் கொடுத்து, விளக்கைக் கிட்டப் பிடித்தேன்.

"அம்மா, கடல் தெரியுதோ? நான் எடுத்தனான்."

நெடுநேரம் பார்த்தார். வாய் கோணி அசைந்தது. கடல் என்று சொல்லப் போகிறார் என்று நினைத்தேன். பெருவிரலைப் படத்தின் நடுவில், அந்தப் பெண்ணுக்குப் பக்கத்தில் வைத்து அழுத்தினார்.

"படலை," என்றார். பிறகு, கஷ்டப்பட்டு, அந்த வருடம் நான் கேட்ட இரண்டாவது சொல். "சாத்து."

நான் விளக்கைக் கீழே வைத்துவிட்டு எழும்பி முற்றத்தால் நடந்து போனேன். படலை சாத்தித்தான் இருந்தது. கொழுக்கியை ஒருமுறை கழற்றித் திரும்ப மாட்டினேன், உள்ளே படுத்திருப்பவருக்குச் சத்தம் கேட்கட்டும் என்று.

"சாத்திப்போட்டன், அம்மா."