நான் வாசித்துக் காட்டிய கடிதங்கள்

அந்தக் கம்ப்யூட்டர் விளையாட்டை வாங்கியவன் நான். விளையாடத் தெரிந்தவள் என் மனைவி. இதைச் சொல்ல எனக்கு இன்றும் வாய் கசக்கிறது.

அந்தக் காலத்துக் கார்ட்டூன் படம் எடுத்த, பாழடைந்துபோன ஒரு கம்பெனிக்குள் நாமே நடந்துபோவதுபோல இருக்கும். சுவரெல்லாம் கறுப்பு மை வழியும். அரைக்கால் சட்டையும் வெள்ளைக் கையுறையும் போட்ட ஒரு நாய் பல்லைக் காட்டிச் சிரித்துக்கொண்டே பின்னால் வரும். அறைக்கு அறை ஒரு புதிர். அவிழ்த்தால் கதவு திறக்கும், பிசகினால் நாய் பிடித்துவிடும். நாயைக் கண்டதும் எனக்குக் கீபோர்டில் எது எங்கே என்பதே மறந்துபோகும். அவள் பதறமாட்டாள். ஞாயிறு மத்தியானம் சோறு தின்ற கையோடு, எங்கள் ஆனையூர் வாடகை வீட்டின் ஜன்னல்களைச் சாத்திவிட்டு உட்காருவோம். "நீங்க வாசிங்க, நான் ஓடுறேன்" என்பாள்.

வாசிப்பதுதான் என் வேலை. துப்பெல்லாம் சுவரில் ஒட்டிய கடிதங்களில் இருக்கும். கோத்து எழுதிய பழைய இங்கிலீஷ், மை ஒழுகிப் பாதி அழிந்த எழுத்து. அவள் பேரையூரில் தமிழ் மீடியத்தில் பிளஸ் டூ படித்தவள். அதோடு கட்டிக் கொடுத்துவிட்டார்கள். நான் டிப்ளமோ.

அந்த வருஷம் தபால்வழியில் டிகிரி படிக்க ஆசைப்பட்டு விண்ணப்பம் வாங்கி வைத்திருந்தாள். படிப்பை விட்டுப் பத்து வருஷமாயிற்றே என்று பயம். "இந்த விளையாட்ட முடிச்சுட்டேன்னா பாரத்தப் போட்டுருவேன். முடிக்கலேன்னா ஆசைய விட்ருவேன்" என்றாள். சிரிக்காமல்தான் சொன்னாள். கடைசித் தேதிக்கு ஒரு மாதம் இருந்தது.

கடைசி அறை வரை வந்துவிட்டோம். அன்று வீட்டுக்கு வந்திருந்த என் சிநேகிதன் கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, "மாப்ள, வண்டி ஓட்டுறது தங்கச்சி. நீ பின்னாடி பையப் பிடிச்சுட்டு உக்காந்துருக்க" என்றான். அவளும் சிரித்தாள். சிரித்துவிட்டுப் போகட்டும் என்று விடுகிற ஆளா நான்? உள்ளே புகைய ஆரம்பித்துவிட்டது. இவள் டிகிரியும் முடித்துவிட்டால் என்னை எவன் மதிப்பான்? பொறாமைதான். அதற்கு வேறு பெயர் கிடையாது.

அந்த அறையில் ஐந்து மிருகத் தலைகள். எது முதலில் சாப்பிட்டது, எது அடுத்தது என்பதைக் கடிதத்தில் சுற்றி வளைத்து எழுதியிருக்கும். வரிசையைக் கண்டுபிடித்துத் தலைகளைத் தட்ட வேண்டும். தோற்றால் அடுத்த முறை வேறு கடிதம். பன்றி எழுந்த பிறகுதான் முயல் உட்கார்ந்தது என்றிருந்ததை நான் திருப்பிப்போட்டு வாசித்தேன். அவள் யோசித்துத் தட்டினாள். நாய் பிடித்தது. "கணக்குல எங்கயோ விட்டுட்டேன்" என்றாள். "நிதானமா யோசி" என்றேன்.

நாலு ஞாயிறு இதே கதை. முதல் வாரம் பயந்து பயந்து பொய் சொன்னேன். மூன்றாவது வாரம் அது ருசித்தது. நாய் பிடிக்கும்போது திரையைப் பார்க்கமாட்டேன், அவள் முகத்தைத்தான் பார்ப்பேன். நான் சொல்வதை நோட்டில் எழுதி, கோடு போட்டு, அடித்து, மறுபடி எழுதுவாள். கடைசியில் நோட்டை மூடிவிட்டு, "இம்புட்டுத்தான் போல என் மண்டை" என்றாள். எல்லாருக்கும் எல்லாம் வந்துவிடுமா என்று ஆறுதல் வேறு சொன்னேன், பாவி.

கடைசித் தேதி போன மறுநாள் அவள் அடுப்படியில் நின்று தன் அம்மாவோடு போனில் பேசிக்கொண்டிருந்தாள். ஹாலில் இருந்த எனக்கு நன்றாகக் கேட்டது. நான்தான் படிக்கவிடவில்லை என்று மாமியார் சந்தேகப்பட்டிருக்க வேண்டும்.

"அவரக் குத்தம் சொல்லாதம்மா. எம்புட்டுப் பொறுமையா வாசிச்சு வாசிச்சுச் சொன்னாரு தெரியுமா? வேற ஆம்பளையா இருந்தா எந்திரிச்சுப் போயிருப்பான். எனக்குத்தாம்மா ஏறல."

எழுந்து போய் உண்மையைச் சொல்லியிருக்கலாம். பத்தடி தூரம்தான். நான் உட்கார்ந்த இடத்திலிருந்தே டீ கேட்டேன். போனைக் கையால் பொத்திக்கொண்டு, "இந்தா வாரேன்" என்றாள்.