தட்டில் தங்கிய உப்பு

வெயிலில் காய்ந்த பள்ளிச் சுற்றுச்சுவரின்மேல் வரிசையாக வைத்த சத்துணவுத் தட்டுகள்தான் முதலில் நினைவுக்கு வருகின்றன. நான் வேலைக்குச் சேர்ந்த முதல் வருடம். பரளச்சிக்கு அப்பால், கருவேலங்காட்டை ஒட்டிய நடுநிலைப் பள்ளி. பயிற்சியில் ஒன்றைத் திரும்பத் திரும்பச் சொல்லியிருந்தார்கள்: பதிலை நீங்கள் சொல்லாதீர்கள், பிள்ளைகளே கேட்டுத் தேடிக் கண்டுபிடிக்கட்டும். நான் அதை அப்படியே நம்பினேன். கரைசல் பாடத்துக்கு அவரவர் வீட்டுத் தண்ணீரைக் கொண்டுவரச் சொல்லி, தட்டுகளில் ஊற்றி வற்றவிட்டோம்.

மாலையில் எட்டாம் வகுப்பு மாணவி ஒருத்தி ஒவ்வொரு தட்டையும் விரலால் சுரண்டிப் பார்த்துக்கொண்டே வந்தாள். அதிகம் பேசாதவள், அம்மா அருப்புக்கோட்டையில் விசைத்தறிக் கூலிக்குப் போகிறவர். ஊருக்குள் இருக்கும் பிள்ளைகளின் தட்டில் புகைபோல ஏதோ லேசாக ஒட்டியிருந்தது. காலனிப் பிள்ளைகளின் தட்டில் சுண்ணாம்பு அடித்ததுபோல் வெள்ளை.

"எங்க தெருத் தண்ணியில மட்டும் ஏன் டீச்சர் இம்புட்டு உப்பு?"

எனக்கு ஒரே சந்தோஷம். எந்தப் புத்தகத்திலும் இல்லாத கேள்வி. "நீங்களே விசாரிங்க" என்றேன்.

விசாரித்தார்கள். ஊருக்குள் கூட்டுக் குடிநீர். காலனிக்குப் பழைய போர்வெல் தண்ணீர். புதுக் குழாய் ஏன் தங்கள் தெருவுக்கு முன்னாலேயே நின்றது என்று தண்ணீர் திறந்துவிடுகிறவரிடமே கேட்டிருக்கிறாள் அவள். மறுநாள் ஊரிலிருந்து நாலைந்து பேர் தலைமை ஆசிரியர் அறைக்கு வந்து போனார்கள். அவர் என்னைத் திட்டவில்லை. "பாடத்தை மட்டும் நடத்தும்மா" என்றார்.

அந்த வாரமே காலனியில் அந்த உப்புத் தண்ணீரும் நின்றுபோனது. மோட்டார் ரிப்பேர் என்றார்கள். பெண்கள் குடங்களோடு தோட்டத்துக் கிணறுகளுக்கு நடந்தார்கள். நான் மேலே மனு எழுதிப் போட்டேன்; பதில் வரவில்லை.

ஒருநாள் அவள் அம்மா இடுப்பில் குடத்துடன் பள்ளி வாசலில் நின்றார்.

"ஏன் உப்புன்னு எங்களுக்குத் தெரியாதா டீச்சர்? ஊருக்கே தெரியும். அதை இவ வாயால கேக்க வச்சுட்டீகளே." கோபமில்லாமல்தான் சொன்னார். "ஊர்க்காரவுககிட்டப் போயி கையெடுத்துக் கும்பிட்டு வந்திருக்கோம். நாளைக்கி மோட்டாரு ஓடும். இனிமே அவளை எதையும் கண்டுபிடிக்கச் சொல்லாதீக."

எல்லோருக்கும் பதில் தெரியும் என்பதாலேயே ஒரு கேள்வி கேட்கக்கூடாததாகிவிடும் என்று பயிற்சியில் யாரும் சொல்லவில்லை.

மோட்டார் ஓடியது. அவள் வகுப்புக்கு வந்தாள். கரும்பலகையில் நான் எழுதியதைப் பார்த்து எழுதினாள். சந்தேகம் இருக்கா என்றால் தலையைக் குனிந்துகொள்வாள். மற்றப் பிள்ளைகள் அவளைப் பார்ப்பார்கள், பிறகு அவர்களும் குனிந்துகொள்வார்கள். வருடம் முடியும்வரை அந்த வகுப்பில் யாரும் என்னிடம் எதையும் கேட்கவில்லை.

போன மாதம் திருச்சுழி பஸ்ஸில் அவளைப் பார்த்தேன். வளர்ந்திருந்தாள். கழுத்தில் மில் அடையாள அட்டை. எழுந்து எனக்கு இடம் கொடுத்தாள்.

"தண்ணி ஒழுங்கா வருதாம்மா?"

"வருது டீச்சர்."

அதே தண்ணீர்தானா என்று கேட்க வாயெடுத்தேன். அவள் கம்பியைப் பிடித்தபடி வெளியே பார்த்துக்கொண்டிருந்தாள். நான் கேட்கவில்லை.