யாரும் கை வைக்காத இறைச்சி

நாங்கள் கடல் கடந்து பிழைக்க வந்த அல்பெர்கேரியாவில் என் வீட்டுக்குக் கீழே ஒரு இறைச்சிக்கடை இருந்தது. வாங்கும் இறைச்சியைக் கடைக்காரரே வாசலில் தணலில் வாட்டி, உப்புத் தூவி, எலுமிச்சை பிழிந்து தருவார். எங்களைப் போன்ற வீட்டுவேலைக்காரருக்கு வியாழன் மத்தியானத்துக்குப் பிறகு ஓய்வு. நாங்கள் மூன்று பேர் அங்கேதான் கூடுவோம். பழப்பெட்டியைக் கவிழ்த்து, அதன்மேல் ஒரே தட்டு. கிழமை முழுக்க வீட்டுக்காரி சிஞ்ஞோராவின் குசினியில் தனியாக நின்று மிச்சம் சாப்பிடுகிறவனுக்குத்தான் அந்தத் தட்டின் அருமை தெரியும்.

மூவரில் மூத்தவர் மன்னார்க்காரர், வேதக்காரர்; வெள்ளிக்கிழமை மட்டும் இறைச்சி தொடமாட்டார். தட்டு வந்ததும் முதலில் கை வைப்பவர் அவர்தான். "அண்ணைக்குக் கண்ணுக்கு முன்னம் கை போயிடும்" என்று இளையவன் பகிடி பண்ணுவான். இளையவன் என்னைப் போல யாழ்ப்பாணம். தாய்க்கு ஒரே பிள்ளை.

ஒரு வியாழன் மத்தியானம், நான் வேலை முடிந்து வந்ததும், கொழும்பிலிருந்து அவனுடைய மாமா என் வீட்டுக்கு ஃபோன் எடுத்தார். இளையவனின் தாய் இறந்துவிட்டார். அவன் வேலை செய்கிற வீட்டுக்கு யாரும் ஃபோன் எடுக்கக்கூடாது. அவனுடைய செய்தியெல்லாம் எனக்குத்தான் வரும். மன்னார்க்காரரிடம் ஓடினேன்.

"சாப்பிட முதல் சொல்லிப்போடுவம்" என்றார். சாவு நடந்த வீட்டுத் துடக்குக்காரன் இறைச்சி தொடக்கூடாது என்பது அவருக்கும் தெரியும்.

இளையவனோ கடைக்கு வாயெல்லாம் பல்லாக வந்தான். கையில் பெர்மெசோ, இந்த நாட்டில் தங்குவதற்கான அனுமதிப் பத்திரம். அது இல்லாமல் ஊருக்குப் போனால் திரும்பி வரமுடியாது. அதற்காகவே இத்தனை வருடம் தாயைப் பார்க்காமல் இருந்தான்.

"வாற மாசம் அம்மாவைப் பாக்கப் போறன். இண்டைக்கு என்ரை செலவு!"

இறைச்சிக்கும் சொல்லிவிட்டிருந்தான். நான் குனிந்து பழப்பெட்டியைக் கவிழ்த்தேன்.

தட்டு வந்தது. அவன் ஒரு துண்டை எடுத்தான். மன்னார்க்காரர் கைகளைக் கட்டிக்கொண்டு நின்றார்.

"என்னண்ணை, இண்டைக்கு வெள்ளிக்கிழமையே?"

அவருக்குக் கண் நிறைந்துவிட்டது. இளையவன் என் கையைப் பார்த்தான். அதுவும் தட்டுக்குப் போகவில்லை. எடுத்த துண்டைத் திரும்ப வைத்தான்.

"அம்மாவோ?"

"ஓம்" என்றேன்.

விரல்களைச் சட்டையில் துடைத்து, பெர்மெசோவை மடித்துப் பையில் வைத்தான். நாங்கள் இருவரும் அழுதோம். அவன் அழவில்லை. தட்டை எங்கள் பக்கம் தள்ளினான்.

"நீங்கள் சாப்பிடுங்கோ, அண்ணை. அம்மாவைப் பாக்கப் போறன் எண்டு வாங்கினது. எறியக்கூடாது."